அக்கரைப் பொங்கல்

வேம்பூர்த் தளபதி கொற்றனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் மனசு குழம்பினால் ஆற்றங்கரைத் துறவி எயினி அம்மையிடம்தான் ஓடிவருவான்.

"கோட்டை வாசல்ல ஒன்பது பேர் வந்து உட்கார்ந்திருக்காங்க அம்மா. ஏழு வருசத்துக்கு முன்னாடி என் படையை விட்டு ஓடினவங்க. மன்னிக்கிறதா, விரட்டுறதான்னு முடிவை அரசர் என் தலையில கட்டிட்டார்."

"எங்கே ஓடினாங்க?"

"அக்கரைக்கு. கொள்ளைக்கூட்டம் அங்கே ஊர் ஊராக் கொளுத்திச்சு. ஆத்தைத் தாண்டக் கூடாதுன்னு நம்ம அரசர் கட்டளை. நாற்பது பேர் ஈட்டியைக் கழுவி, வரிசையாச் சாத்திட்டு, நீந்திப் போய் அந்த நாட்டுப் படையில சேர்ந்துட்டாங்க."

"ஈட்டியைக் கொண்டுபோகலையா?"

"இல்லம்மா. அது நம்ம அரசரோடதாம்."

சொல்லும்போதே கொற்றனின் குரல் இளகியது. உடனே இறுக்கிக்கொண்டான்.

"மன்னிச்சா, காவலை விடாம நின்னவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அம்மை எழுந்தார். "வா, அக்கரைக்குப் போயிட்டு வரலாம்."

பரிசலில் போய் இறங்கினார்கள். அங்கே ஏரிக்கரை மேல் முப்பத்தொரு நடுகற்கள். செத்த வீரர்களுக்கு நட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். பெயருக்குக் கீழே 'வேம்பூரான்'. கற்களுக்கு முன்னால் பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தி கொற்றனின் தலைப்பாகையில் செருகியிருந்த வேப்பங்கொத்தைப் பார்த்தாள்.

"வேம்பூரா சாமி?"

"ஆமாம்."

"ஏ, எந்திரிங்கடி! நம்ம கல்லுச்சாமிங்க ஊர்க்காரர் வந்திருக்கார்!"

அத்தனை பேரும் எழுந்து கும்பிட்டார்கள். அவள் பெரிய பானையை அப்படியே தூக்கிவந்தாள்.

"முதல் பொங்கல் வேம்பூருக்குத்தான் சாமி. வேம்பூர்லேருந்து வாங்கிக்க யாரும் வராம இத்தனை வருசமும் பிள்ளைங்களுக்குக் கொடுத்தோம்."

கொற்றனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு கையையும் நீட்டினான்.

அம்மை அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறு கொற்றா. ஓடிப்போனவன் பங்குல கை வைக்கிறியே?"

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் அவன் வாயாரக் கூப்பிட்ட பெயர்கள். தலைப்பாகையைச் சும்மாடாகச் சுற்றி, பானையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

"வாசல்ல உட்கார்ந்திருக்கவங்ககிட்ட நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

பரிசல் நடு ஆற்றுக்கு வந்ததும் பழைய கேள்வி திரும்ப வந்தது.

"ஆனா அம்மா... காவல்ல நின்னவங்க?"

"அவங்களையும் கூப்பிடு. பானை பெரிசுதானே."