வால் மட்டும் வந்த பல்லி மார்க்

அந்தக் காலத்தில் பல்லி சுவரின் நட்டநடுவில் குடியிருந்தது. பிராணிகளும் மனிதர்களும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினால் மட்டும் மரியாதை வந்துவிடவில்லை. மரியாதை வேண்டுமென்றால் தீப்பெட்டியில் படம் வரவேண்டும். புலிக்கு வந்திருந்தது. கிளிக்கு வந்திருந்தது. அந்த ஊரில் ஒருவரும் கண்ணால் பார்த்திராத ஒட்டகம்கூட மஞ்சள் வெயிலில் நின்றபடி எல்லா வீட்டு அடுப்படியிலும் இருந்தது. பிள்ளைகள் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழியாமல் உரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டார்கள்.

பல்லிக்குக் கிடைத்தது விளக்குமாறு.

அது இருந்தது லேபிள் படம் வரைகிற எசக்கிமுத்துவின் வீட்டில். அவர் மனைவி செல்லக்கனிக்குச் சுவரில் எது அசைந்தாலும் ஆகாது. ஒரே வருஷத்தில் பல்லி மூன்று வால்களை இழந்திருந்தது.

ஒருநாள் எசக்கிமுத்துவிடம் சொன்னது: "அண்ணே, நான் 'த்சு'ன்னா கல்யாணப் பேச்சே நின்னுபோவுது. என் சொல்லுக்கு மதிப்பு இருக்கு. சொன்ன எனக்கு அடி. என்னைத் தீப்பெட்டியில போடுங்க. படத்துல வந்தவனை யாராவது அடிப்பாங்களா?"

"உன்னைப் போட்டா எவன் வாங்குவான்? முதலாளி ஒத்துக்கிட மாட்டார்."

"ஒத்துக்கிடுவார்."

தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி தங்கப்பழம் மறுநாள் மதுரைக்குக் கிளம்பினார். தன் வீட்டு வாசலைத் தாண்டும்போது, அங்கே போய்க் காத்திருந்த பல்லி நிலைக்கு மேலிருந்து 'த்சு' என்றது. திரும்பிவந்து உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். மறுபடி கிளம்பினார். 'த்சு'. நாலாவது செம்பைக் குடித்து முடித்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"உனக்கு என்னதாம்ல வேணும்?"

பல்லி சொன்னது.

வேலை தொடங்கியது. தாளில் முதலில் மஞ்சள் ஏற்றினார்கள். அது காய்ந்ததும் சிவப்பில் 'பல்லி மார்க்' என்ற எழுத்துகள். இருபதாயிரம் தாள்கள் அடுக்கடுக்காகத் தயாராகிவிட்டன. கறுப்பு ஒன்றுதான் பாக்கி. கறுப்பில்தான் பல்லி.

எசக்கிமுத்துவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. படத்தின் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார். அதனால் எந்தப் பிராணியையும் வாலிலிருந்து ஆரம்பிப்பார்.

பல்லி சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டது. படத்தில் தொந்தி தெரியக்கூடாது என்று மூன்று நாளாக ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. செல்லக்கனி விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு, "ராசா மாதிரில்லா இருக்காரு!" என்று மோவாயில் இடித்துக்கொண்டாள். பல்லிக்கு அது கேலியாகவே படவில்லை.

வால் முடிகிற நேரத்தில் தங்கப்பழம் வேலையைப் பார்க்க வந்தார். பல்லிக்கு நேர் கீழே நின்று குனிந்தார். அவருடைய வழுக்கைத் தலையில் கொழுத்த ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது.

பல்லி பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஈ கைகளைத் தேய்த்துக்கொண்டது. பல்லி மறுபடி பார்த்தது.

பாய்ந்துவிட்டது.

"தலையில விழுந்துட்டாம்வே! தலையில!" தங்கப்பழம் அலறினார். பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது முழுக்க அவருக்கு மனப்பாடம். தலைக்கு என்ன போட்டிருந்தது என்பதைச் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. கிணற்றடிக்கு ஓடித் தலை முழுகி, ஈர வேட்டியோடு திரும்பிவந்தார்.

"நிறுத்தும். இவன் படம் என் பெட்டியில வரக்கூடாது."

"இருபதாயிரம் தாள் அண்ணாச்சி. எழுத்துகூட ஏத்தியாச்சு."

தங்கப்பழம் தாள் அடுக்கைப் பார்த்தார். தலையைத் தடவினார். "எது வரைக்கும் வரைஞ்சீரு?"

"வால் முடிஞ்சுது."

"வால் என் தலையில படல. அதை மட்டும் அடியும்."

அப்படியே அச்சானது. மஞ்சள் வெளி, மேலே 'பல்லி மார்க்', வலது ஓரத்தில் ஒரு வால். தாளைத் தாண்டி யாரோ அப்போதுதான் உள்ளே போனதுபோல. வாங்கியவர்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "மீதி எங்கவே?" என்று கடைக்காரரிடம் கேட்டார்கள். தெரிந்துகொள்ள இன்னொரு பெட்டி வாங்கினார்கள். பிள்ளைகள் ஒரு வாலுக்குப் பத்துப் புலி கொடுத்தார்கள். தங்கப்பழம் மனம் மாறாமல், அந்த வாலையே பெரிதாகப் போட்டுக் காலண்டர் அடித்து வீடுவீடாகக் கொடுத்தார்.

எசக்கிமுத்து வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்கியது. பல்லி அதன் எதிரில் வெகுநேரம் இருந்தது. வால் தன்னுடையதுதான். அப்படியானால் உடம்பு? மற்றவர்கள் செய்ததையே அதுவும் செய்தது. பின்னால் போய்ப் பார்த்தது.

அப்போது செல்லக்கனி விளக்குமாற்றோடு வந்தாள். காலண்டர் ஓரத்தில் இரண்டு வால்கள் தெரிந்தன. எது அச்சு, எது அசல் என்று பிடிபடவில்லை. கையை ஓங்கினாள். தேதித்தாளில் 'பிரதோஷம்' என்று போட்டிருந்தது கண்ணில் பட்டது. ஓங்கிய கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னாலிருந்து 'த்சு' என்று கேட்டது.

அன்று முதல்தான் பல்லி காலண்டருக்குப் பின்னால் குடியிருக்கிறது. வால் மட்டும் வெளியே தெரியும். உடம்பை இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது. தேடுகிற அவசரம் அதனிடம் தெரியவில்லை.