கல்துறையும் முதல்வர் குமுதையும்

வெள்ளாற்றங்கரைக் காட்டில் குமுதை என்ற புள்ளிமான் முதல்வரானது. அதன் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. காட்டுப்பன்றிகள் கூட்டணியில் சேர்ந்தன. அப்போதும் வனசபையில் இரண்டு இடம் குறைந்தது. கருமுகன் என்ற மந்தியின் கூட்டம், "வெளியிலிருந்து ஆதரவு தருகிறோம்" என்றது. அரசு அமைந்தது.

குமுதை தேர்தலில் நின்றதே ஒரு வேலைக்காகத்தான். முந்தைய வருடம் வெள்ளம் வந்தபோது அதன் அக்கா வெண்ணிலை அக்கரையில் மாட்டிக்கொண்டது. ஆற்றின் ஆழத்தில் முதலைகள் இருந்தன. கோடையில் கல்துறை என்ற இடத்தில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடும். ஆனால் அங்கே பாறையும் முள்ளும் சரிந்து வழியை அடைத்துவிட்டன. "கல்துறையைத் திறப்பேன்" என்று சொல்லித்தான் குமுதை ஓட்டுக் கேட்டது.

முதல் அமைச்சரவைக் கூட்டத்தில் அது பன்றித் தலைவர் கேழலனிடம் கேட்டது. "நிலத்துறை அமைச்சரே, துறையைத் தோண்டித் திறக்க எத்தனை நாள் ஆகும்?"

"பத்து நாள் போதும் அம்மா. நாளைக்கே தொடங்குகிறோம்."

மறுநாள் காலையில் கருமுகன் வந்தது. "துறையைத் திறங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் எங்கள் அத்திமரத்தடியில் ஒரு குட்டை வெட்டித் தர வேண்டும். இல்லையென்றால் எங்கள் ஆட்களைச் சமாதானப்படுத்துவது கஷ்டம்."

குமுதை யோசித்தது. ஆதரவு போனால் அரசு போய்விடும். அரசு போனால் துறையை யார் திறப்பார்கள்? பன்றிகளைக் குட்டை வெட்ட அனுப்பியது.

அன்று மாலை அது ஆற்றங்கரைக்குப் போனது. அக்கரையில் வெண்ணிலை நின்றிருந்தது. பக்கத்தில் குமுதை இன்னும் தொட்டுப் பார்க்காத குட்டி ஒன்று.

"எப்போது வரட்டும், குமுதை?" அக்காவின் குரல் தண்ணீருக்கு மேலே மெலிந்து வந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான் அக்கா!"

குட்டை முடிந்ததும் கருமுகன் இலந்தைப் புதருக்கு வேலி கேட்டது. அது முடிந்ததும் குட்டிக் குரங்குகள் விளையாட மேடு கேட்டது. ஒவ்வொரு முறையும் பன்றிகள் அங்கேயே போயின. ஒவ்வொரு மாலையும் குமுதை கரையில் நின்றது. அக்கா கழுத்தை நீட்டும்போதெல்லாம் அதுவும் நீட்டியது. நடுவில் ஆறு ஓடியது.

ஒரு நாள் கேழலனுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, மேகம் கூடுகிறது. மேட்டை அப்படியே விட்டுவிட்டுத் துறைக்குப் போகட்டுமா? மந்திகள் ஆதரவை விலக்கினால் விலக்கட்டும். அதற்குள் பாதிக்கு மேல் தோண்டிவிடுவோம்."

குமுதைக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது. "மேட்டை முடித்துவிடுங்கள், கேழலரே. அரசு இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம்."

மேடு முடிந்தது. மழையும் இறங்கியது. கல்துறை ஆளுயரத் தண்ணீரில் மூழ்கியது. அந்த வாரமே எதிர்க்கட்சிக் கரடிகள் தேனடை தருவதாகச் சொல்ல, கருமுகன் அந்தப் பக்கம் தாவியது. அரசு கவிழ்ந்தது.

குமுதை மழையில் நனைந்தபடி கரைக்கு ஓடியது. அக்கரை தெரியவில்லை.

அடுத்த கோடையில் குமுதையும் கேழலனும் அதன் பன்றிகளும் கல்துறைக்குப் போயின. இப்போது பதவியும் இல்லை, கேட்க வருபவரும் இல்லை. குமுதை குளம்பு தேயப் பாறையைத் தள்ளியது. கேழலன் சொன்னது போல் பத்தாவது நாள் வழி திறந்தது.

அக்கரை மந்தை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி வந்தது. குமுதை ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. கடைசியாக ஓர் இளம் பெண்மான் கரையேறி அதன் அருகே தயங்கி நின்றது.

"நீங்கள்தானே குமுதைச் சித்தி?"

"ஆமாம். அம்மா எங்கே?"

"மழைக்காலம் முழுக்கக் கரையிலேயே நின்றாள். குளிர் தாங்கவில்லை, சித்தி. நீங்கள் திறந்துவிடுவீர்கள் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்."

குமுதை கழுத்தை நீட்டி அந்தக் குட்டியின் நெற்றியை நக்கியது. அக்காவின் வாசனை அடித்தது.

எந்த வேலைக்காகப் பதவிக்கு வந்தாரோ, அந்தப் பதவியைக் காப்பாற்றுவதற்காக அந்த வேலையையே தள்ளிப்போடுபவர் இரண்டையும் இழப்பார்.