ரெட்டைத் தையல்

“மேஸ்திரி, என் பேரு எப்பக் கிழியும்?”

கேட்டவள் இந்துஜா. வயது முப்பத்தொன்று. பதில் சொல்ல வேண்டிய ரொகையா பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். ஆனாலும் திண்டுக்கல்லில் தாம்பூலப் பை தைக்கிற அந்தக் கொட்டகையில் ரொகையாதான் குரு. தையல் மிஷின் முன்னால் வயசாவது ஒன்றாவது!

“பருத்தித் துணி, அக்கா. அவ்வளவு சீக்கிரம் கிழியாது.”

இந்துஜாவுக்குக் கல்யாணம் நடந்தது, ஊரே அரக்குப் பட்டை விட்டுவிட்டு வெளிர் ரோஜாவுக்குப் பாய்ந்த வருஷம். புடவை வெளிர் ரோஜா. ஆரி வேலை செய்த பிளவுஸ், மேடைப் பூ, மாப்பிள்ளை தோளில் போட்ட துண்டுகூட வெளிர் ரோஜா. பை மட்டும் மஞ்சளாக இருந்தால் போட்டோ கெட்டுப்போகாதா? அதுவும் ரோஜாதான். நடுவில் ஒரு தாமரை. தாமரைக்குள் இரண்டு பேர். இந்துஜா, பிரசன்னா.

கல்யாணத்துக்கு முன்னே அவளே இந்தக் கொட்டகைக்கு வந்து நின்று சொன்னாள்.

“ரெட்டைத் தையல் போடுங்க. யார் வீட்டுக்குப் போனாலும் பத்து வருஷம் உழைக்கணும்.”

ரொகையா போட்டாள். ஆயிரத்து இருநூறு பை.

கல்யாணம் பதினோரு மாதம் உழைத்தது.

பை இன்னும் உழைக்கிறது. ரேஷன் கடையில் அரிசி சுமக்கிறது. சைக்கிளில் முருங்கைக்காயோடு தொங்குகிறது. பார்க்கிற இடமெல்லாம் அவள் பேரும் அவன் பேரும் ஒரே தாமரைக்குள். கண்றாவி! அவள் வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டாள். தெரு விழிக்கும் முன்னே முக்காட்டோடு தையல் வேலைக்குக் கொட்டகைக்கு வருவாள். வாசலில் ஆள் நிழல் தெரிந்தால் துணிக்கட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

“எனக்கு ஒரு வழி சொல்லுங்க மேஸ்திரி.”

“தைங்கக்கா.”

மூன்று மாதமாக இதே பதில்.

ஒரு நாள் காலையில் கல்யாண வீட்டிலிருந்து ஒருவர் வந்து கத்தினார். பெண்ணுக்குத் தாய்மாமன்.

“பையில காது பிஞ்சு தேங்காயெல்லாம் மண்டபத்துல உருளுதும்மா! ஒண்ணா ரெண்டா? தூக்குற பையெல்லாம் பிய்யுது. அபசகுனம்னு மாப்பிள்ளை வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க. மேடையில எங்க பொண்ணு அழுதுக்கிட்டு நிக்கிறா.”

ரொகையா கைகட்டி நின்றாள்.

“தப்பு எங்க மேலதாங்க.”

அவர் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். மிச்சம் கிடந்த பை ஒன்றை எடுத்து, கையில் பிடிக்கிற அந்தக் காதை இழுத்துப் பார்த்தாள் ரொகையா. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. காது சேருமிடத்தில் நாலு பக்கமும் சுற்றித் தைத்து, குறுக்கே ஒரு பெருக்கல் குறியும் போட வேண்டும். இதில் ஒரே ஒரு ஓட்டம்தான் இருந்தது. அந்தப் பைகளுக்குக் காது வைத்தவள் இந்துஜா.

“கை தவறிடுச்சாக்கா?”

“இல்ல. வேணும்னுதான் செஞ்சேன்.”

“ஏன்?”

“நாளைக்கு அந்தப் பொண்ணும் பிரிஞ்சு வந்து நின்னா, அவ பேரு என் பேரு மாதிரி தெருத்தெருவா அலையக் கூடாது. ரெண்டு நாள்ல பிஞ்சு குப்பைக்குப் போயிடட்டும்னு நெனச்சேன். அவ நல்லதுக்குத்தான் மேஸ்திரி.”

ரொகையா பிய்ந்த காதைக் கீழே வைத்தாள்.

“அவ நல்லா வாழ்வான்னு உங்களுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணலையாக்கா?”

இந்துஜாவுக்குத் தோணவில்லை. அதுதான் நிஜம். தான் இப்படி ஆகிப்போனதை நினைக்க அவளுக்கே பயமாக இருந்தது.

ரொகையா செருப்பை மாட்டினாள்.

“வாங்க, வெளிய போவோம்.”

“நான் வரல.”

“முக்காடு போட்டுக்கங்க. ஆனா வாங்க.”

பெரியாஸ்பத்திரி எதிரே பஸ் ஸ்டாப். சிமெண்ட் பெஞ்சில் ரொகையாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் கால்மாட்டில் வெளிர் ரோஜாப் பை. தாமரை. இரண்டு பேர்.

இந்துஜா திரும்பி நடக்கப் பார்த்தாள். ரொகையா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியப்பா, டாக்டர் என்ன சொன்னாரு?”

“இன்னும் மூணு மாசம் ட்யூபோடதான் இருக்கணுமாம். என்ன பொழப்போ போ.”

அப்போதுதான் இந்துஜா பார்த்தாள். வேட்டிக்குக் கீழிருந்து மெல்லிய குழாய் ஒன்று இறங்கி அந்தப் பைக்குள் போனது.

“பை எப்படிப் பெரியப்பா இருக்கு?” என்றாள் ரொகையா.

“அத ஏன் கேக்குற! மூத்திரப் பையக் கையில பிடிச்சுக்கிட்டு எப்படி பஸ்ஸுல ஏறுவேன்? நாலு மாசம் வாசப்படி தாண்டல. கடைப்பை ரெண்டு வாங்குனேன். ஒண்ணு நடுரோட்டுல பிஞ்சு, எல்லாம் போச்சு. செத்துடலாம் போல இருந்துச்சு. அப்புறம் மருமக இதைத் தேடி எடுத்துக் குடுத்தா. இன்னிக்கு வரைக்கும் பிய்யல. எந்த மகராசி கல்யாணமோ, அவ நல்லா இருக்கட்டும்.”

இந்துஜாவை நல்லா இருக்கட்டும் என்று கடைசியாகச் சொன்னவர்கள் கல்யாணத்தன்று அட்சதை தூவியவர்கள். அதற்கப்புறம் ஒருவரும் சொன்னதில்லை.

“பெரியப்பா,” என்றாள். “நான் வேற பை தச்சுத் தர்றேன். பேரு போடாதது. இதைக் குடுத்துடுங்க.”

பெரியவர் பையைக் காலோடு இழுத்து வைத்துக்கொண்டார்.

“ஐயோ, பேரு இருக்கணும்மா! பேரு இல்லன்னா பையில என்னன்னு எட்டிப் பாப்பாங்க. பேரு இருந்தா, கெழவன் கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வர்றான்னு விட்டுடுவாங்க.”

இந்துஜா குனிந்து அந்தப் பையைப் பார்த்தாள். ஒரு பக்கத்துக் காதில் நூல் விட்டுக்கொண்டு வந்தது.

சட்டைக் கழுத்தில் குத்தி வைத்திருந்த நூல் கோத்த ஊசியை உருவினாள். தரையில் உட்கார்ந்தாள்.

“மேல தூக்காதம்மா. அது கீழயேதான் இருக்கணும், இல்லன்னா மூத்திரம் திரும்ப உள்ள ஏறிடும்.”

“தெரியும் பெரியப்பா. கீழ வச்சே தைக்கிறேன்.”

முக்காடு நழுவிற்று. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பேரையும் பார்த்தார்கள், முகத்தையும் பார்த்தார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டி, ஊசி விரலில் ஏறியது.

பஸ் வந்து நின்றது.

“போதும்மா, விடு. பஸ் வந்துருச்சு.”

“கொஞ்சம் இருங்க பெரியப்பா. இன்னும் ஒத்தைத் தையல்தான் ஆயிருக்கு.”