கேணிக்கரையில் ஆளில்லை

சுடலைமுத்து மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில் அவருக்குத் துணையாக இருந்தது ஒரு விளையாட்டு. பெயர் கேணிக்கரை. இணையத்தில் திறந்தால் ஆளுக்கொரு தோட்டம், ஒரு கேணி. தன் கேணியில் தானே தண்ணீர் இறைக்க முடியாது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர் யாராவது வந்து இறைத்து ஊற்ற வேண்டும். முகம் தெரியாத ஆட்கள் வந்து ஊற்றினார்கள். இவரும் போய் ஊற்றினார்.

ஒருநாள் அதை நடத்திய நிறுவனம் இழுத்து மூடிவிட்டது.

ஊர் திரும்பியதும் நாகர்கோவிலில் மெர்லின் டீச்சரிடம் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கேணிக்கரையை உருவாக்கியவர்களில் ஒருவர். அதற்கு மறுபடி உயிர் கொடுத்தே தீருவது என்று சுடலைமுத்து ராப்பகலாக உட்கார்ந்தார். கொடுத்தும்விட்டார்.

திறந்த அன்று பழையவர்கள் திரண்டு வந்தார்கள். புதியவர்களும் வந்தார்கள். கொஞ்ச நாளில் தோட்டமெல்லாம் பூத்துக் குலுங்கியது, ஆள்தான் இல்லை.

ஒரு மத்தியானம் அவர் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"மூடிரலாம்னு இருக்கேன் டீச்சர். எதுல குறை வெச்சேன்னு மட்டும் சொல்லுங்க."

"பழையதுல எதை மாத்துனீங்க அண்ணாச்சி?"

"ஒண்ணே ஒண்ணுதான். தண்ணி தானா பாயுற மாதிரி செஞ்சேன். இப்ப விளையாட வர்றவங்க நாள்பூரா வேலை பார்த்த அலுப்புல, கொஞ்சம் நிம்மதியா இருக்கத்தான் வர்றாங்க. அடுத்த ஆள் வருவாரா மாட்டாரான்னு அங்கயும் அவங்களத் தவிக்க விடலாமா?"

டீச்சர் கேட்டுக்கொண்டார். "சாப்பிடுங்க, பேசுவோம்" என்று எழுந்தார்.

இலை போட்டார். சோறு, மீன்குழம்பு, அவியல், அப்பளம், மோர் எல்லாவற்றையும் பாத்திரத்தோடு இலையைச் சுற்றி வைத்தார். ஒவ்வொன்றிலும் கரண்டி போட்டார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுடலைமுத்து கதவையே பார்த்தார். கூப்பிடத் தயக்கமாக இருந்தது. தானே போட்டுச் சாப்பிட்டார். குழம்பு அப்படியொரு ருசி. ஆனாலும் முதலில் போட்ட சோற்றோடு இலையை மூடிவிட்டார்.

அவர் கைகழுவிவிட்டு வந்தபோது டீச்சர் வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"வயிறு நெறஞ்சுதா?"

அவர் மூடிய இலையைப் பார்த்தார்.

"குழம்பு சரியில்லையா?"

"குழம்புக்கு என்ன டீச்சர், அருமை. மறுசோறு எடுத்துப் போட்டுக்கத்தான் கை வரல."

"எல்லாம் கைக்கு எட்டுற மாதிரிதான வெச்சிருந்தேன்?"

சுடலைமுத்து ஈரக்கையைத் துடைக்காமல் நின்றார்.

"சரி, பழையபடி மாத்திடுறேன்னு வைங்க" என்றார் கடைசியில். "தண்ணி ஊத்த யாரும் வராமப் போயிட்டா? செடி வாடிருமே. அந்த ஆளு மனசு சங்கடப்படுமே டீச்சர்."

மெர்லின் டீச்சர் இலையை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"வாடட்டும் அண்ணாச்சி. வாடுற செடி இருக்கிற வீட்டுக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரன் வருவான்."