எறும்பு ஏறிய விரல்

காலை அபிஷேகம் முடிந்ததும் திருமேனி பஞ்சாமிர்த இலையோடு குருவிடம் வந்தார். இலையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"இனிமே பூசைக்கு வேற யாரையாவது வைங்க, சாமி."

திருமேனி குருவைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய குருவின் காலத்திலிருந்தே அந்தக் குன்றின் மேல் மடத்து முருகனுக்கு அவர்தான் பூசை செய்து வந்தார். ஒரு நாள் ஊருக்குப் போகச் சொன்னால்கூடப் போகாதவர்.

குரு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் அடிவாரத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு சின்ன மெஷினைக் கொடுத்து ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்கக் கற்றுத் தந்திருந்தாள். காலையில் சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. பூசை முடியாமல் திருமேனி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆகவே அபிஷேகம் செய்த கையோடு விரலில் குத்திப் பார்த்தார். நானூறுக்குப் பக்கத்தில் வந்தது. பயந்துபோய்க் காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். அப்போதும் இறங்கவில்லை. யாரையும் கேட்காமல் ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு போட்டுக்கொண்டார். அப்போதும் அதே நானூறு. இன்று தீபாராதனையின்போது கை நடுங்கியது.

"தட்டு நழுவி அவர் மேல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும் சாமி?"

திருமேனி வலது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"தினமும் வருது. உடம்பு பூரா இனிப்பாயிடுச்சு. தோலைத் தாண்டி வெளியே வருது."

அவர் குரலில் பயத்தைவிட வியப்பு அதிகமாக இருந்தது.

குரு எறும்பை வெகுநேரம் பார்த்தார். பிறகு இலையிலிருந்து பஞ்சாமிர்தத்தை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, விரலைத் துண்டில் துடைத்தார். அந்த மடத்தில் எல்லோரும் அப்படித்தான் துடைத்துக்கொள்வார்கள், கழுவ மாட்டார்கள். சுவாமி மேல் பட்டது தண்ணீரோடு ஓடி யார் காலிலும் மிதிபடக்கூடாது என்பது பழைய வழக்கம்.

"மெஷினை எடுங்க. எனக்குப் பாருங்க."

"உங்களுக்கு எதுக்கு, சாமி?"

"சும்மா பாருங்க."

திருமேனி புது ஊசியை மாட்டி அந்த விரலிலேயே குத்தினார். ரத்தம் சிவப்பு மணியாகத் திரண்டது. மெஷினில் செருகிய பட்டை அதை உறிஞ்சிக்கொண்டது. முன்னூற்றுச் சொச்சம்.

திருமேனி மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு எவ்வளவு நாளா இருக்கு, சாமி?"

"இப்பத்தான் வந்தது."

குரு எழுந்து போய்க் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். அடுத்த விரலை நீட்டினார். இன்னொரு ஊசி, இன்னொரு பட்டை. இப்போது நூறுக்குள் இருந்தது.

திருமேனி தன் கையைப் பார்த்தார்.

"நீங்களும் கழுவுங்க, ஐயா."

அவர் கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். நர்ஸும் கழுவத்தான் சொன்னாளாம். அவர்தான் கேட்கவில்லை.

"குளிச்சிட்டு வந்து அவரைத் தொட்ட கை. இதைவிடச் சுத்தமான கை இருக்கா, சாமி?"

"இல்லை."

"அப்புறம் ஏன் கழுவச் சொல்றீங்க?"

குரு ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவரைக் கடம்ப மரத்தடிக்கு அழைத்துப் போனார். யாரும் நடக்காத இடம் அது. தானே தண்ணீர் ஊற்றினார். திருமேனி கண்களை மூடிக்கொண்டு கையைத் தேய்த்தார். தேன் வாசனை எழுந்தது.

குத்திப் பார்த்தபோது ஐம்பத்தெட்டு.

"இறங்கிடுச்சு சாமி," என்றார் திருமேனி. அவர் நெற்றி வேர்த்து வழிந்தது.

"எழுபதுக்குக் கீழே போனா என்ன செய்யணும்னு நர்ஸ் சொன்னாங்க?"

"உடனே இனிப்பு ஏதாவது..."

அவர் நிறுத்திக்கொண்டார். குரு இலையை அவர் கையில் வைத்தார்.

அபிஷேகத்துக்குத் தானே தினமும் பிசைந்த பஞ்சாமிர்தத்தை, வியாதி வந்தபின் முதல் தடவையாகத் திருமேனி வாயில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. மடப்பள்ளியிலிருந்து வந்த இட்லியையும் சாப்பிட்டார். மாத்திரையை இனி நர்ஸ் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றும், இன்றே கீழே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றும் குரு சொல்லிவிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்துத் திருமேனி தனியாக மரத்தடிக்குப் போய்க் கை கழுவிவிட்டுக் குத்திப் பார்த்தார். நர்ஸ் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வியாதி இருக்கத்தான் செய்தது. விரல் நுனியில் மிச்சமிருந்த சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை சிறிய சொட்டுக்கு அவர் உண்டதும் தெரிந்திருந்தது, உண்ணாமல் இருந்ததும் தெரிந்திருந்தது.

உச்சிப் பூசைக்குப் பூப்பறிக்கப் புறப்பட்டவர் பாதி வழியில் திரும்பி வந்தார்.

"சாமி, அந்த நானூறு யாரோடது?"

குரு கருவறைப் பக்கம் பார்த்தார்.

"அவரோடது. அவர் தாங்குவார்."