கோட்டை வாசலில் நின்ற பிரதானி

முன்னொரு காலத்தில் மகிபாலன் என்றோர் அரசன் இருந்தான். அவனுக்கு எளிதில் தூக்கம் வராது. பிறர் தூங்குவதைக் கண்டாலும் பொறுக்காது. ஒரு நாள் கோட்டை வாசலின் முதிய காவலன் மாயாண்டி, ஈட்டியைப் பிடித்து நின்றவாக்கிலேயே கண்ணயர்ந்திருந்ததை அரசன் பார்த்துவிட்டான்.

சபையில் இதைப் பற்றிப் பேச்செழுந்ததும் பிரதானி விசயரங்கர் எழுந்தார்.

"அரசே, எல்லாம் முதுமை செய்கிற வேலை. அறுபது கடந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்."

சொல்லும்போதே அவர் பார்வை விகடகவி தாண்டவன்மேல் விழுந்தது. தாண்டவனும் அறுபதைக் கடந்தவன். அவன் பேச்சுக்கு அரசன் சிரிக்கும்போதெல்லாம் பிரதானிக்கு வயிறு எரியும். மறுநாள் முதல் அப்படியே ஆகட்டும் என்று அரசன் ஆணையிட்டான்.

மாலையில் மாயாண்டி தாண்டவனைத் தேடி வந்தான்.

"அண்ணே, நான் கொண்டுபோனாத்தான் வீட்ல உலை. இந்த வயசுல யார்கிட்டப் போயி வேலை கேப்பேன்?"

மனைவி இறந்த பிறகு தாண்டவன் வீட்டில் பேச ஆளில்லை. சபையும் இல்லையென்றால் யாரிடம் பேசுவது என்ற பயம் அவனுக்கும் இருந்தது.

மறுநாள் காலையில் அவன் விடைபெற வந்தான்.

"போய்வருகிறேன், அரசே. வாசலில்தான் காவலுக்கு ஆளில்லை."

"அதற்கென்ன? என் வயதில் இருப்பவன் நாள் முழுக்க இமைகொட்டாமல் நிற்பான்" என்றார் பிரதானி. அவருக்கு ஐம்பது.

"அப்படியானால் பிரதானியாரே இன்று நிற்கட்டுமே, அரசே. அவர் வாக்குப் பொய்க்காது."

அரசனுக்கும் அதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பிரதானியால் மறுக்க முடியவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது அரசனும் தாண்டவனும் வாசலுக்குப் போனார்கள். அங்கே ஒரு வண்டிக்காரன் காத்து நின்றான்.

"ஐயா தூங்குறாரு சாமி. எழுப்பலாமா கூடாதான்னு தெரியல."

பிரதானி கதவில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"கோபிக்காதீர்கள், அரசே. அறுபதாக அவருக்கு இன்னும் காலம் இருக்கிறது" என்றான் தாண்டவன். "இங்கே நிழல் இல்லை. உட்கார இடமில்லை. மாற்றிவிட ஆளும் இல்லை. யார் நின்றாலும் இதுதான்."

அரசன் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை அங்கேயே வரவழைத்து, வேண்டியது என்னவென்று தானே கேட்டான்.

"ஒரு முக்காலி, மத்தியானம் மாத்திவிட ஒரு ஆளு. அது போதும் சாமி, நான் பாத்துக்குவேன்" என்றான் மாயாண்டி.

தண்ணீர் சுமக்கும் செங்கம்மா வேறு சொன்னாள்: "எனக்குப் போதும் மகாராசா. தோளு விட்டுப்போச்சு. கஞ்சிக்கு அரிசி குடுத்தா வீட்லயே இருந்துக்குவேன்."

இருவர் கேட்டதையும் அரசன் கொடுத்தான். அதற்குள் விழித்துக்கொண்ட பிரதானி, வலித்த தன் காலைப் பிடித்தபடி, "அந்த முக்காலி எப்போது வரும்?" என்று கேட்டார். அரசன் வாய்விட்டுச் சிரித்தான்.

சிரிப்பு அடங்கியதும் தாண்டவனிடம் திரும்பினான். "நீ போகிறாயா, இருக்கிறாயா?"

"இதுவரை யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை, அரசே" என்றான் தாண்டவன் மெதுவாக. "இருக்கிறேன். காலைச் சபை மட்டும் வேண்டாம். விடிந்ததும் எனக்கு முதுகுதான் பேசுகிறது, வாய் பேசுவதில்லை."

அரசன் மறுபடி சிரித்து, தன் பட்டுச் சால்வையை அவனுக்குப் போர்த்தினான். அன்றுமுதல் தாண்டவன் வெயில் ஏறிய பிறகே சபைக்கு வந்தான். அவன் வரும்வரை அரசன் வேறு யாரையும் விகடம் சொல்லச் சொல்லவில்லை.