சொந்த அனுபவம் கேட்ட முதலாளி

பூங்கோதை ஈரோட்டில் சமையல் வீடியோ போடுபவள். அவள் தரும் லிங்கில் யாராவது பொருள் வாங்கினால் அவளுக்குக் கமிஷன் வரும்.

உடம்பு இளைக்கும் என்று ஆசை காட்டும் விளம்பரங்களுக்கு, அவள் வீடியோ போடும் தளம் தடை போட்டது. உடனே மூலிகைப்பொடி முதலாளி மகுடபதி, அவளைப் போன்றவர்களை ஓட்டலுக்கு விருந்துக்கு அழைத்தார்.

“விளம்பரம்ங்கிற வார்த்தையே வரக்கூடாது. சொந்த அனுபவமாச் சொல்லணும். ஆனா பொடி விக்கணும். முடியாதவங்க இப்பவே கிளம்பலாம்,” என்றார்.

மாட்டினால் முடங்கப்போவது நம் வீடியோ பக்கம்தானே, இவர் ஏன் தன் பக்கத்தில் போடவில்லை என்று பூங்கோதைக்குச் சந்தேகம் தட்டியது. போனில் வீடியோ பதிவை ஓடவிட்டுத் தண்ணீர் ஜாடிமேல் சாய்த்து வைத்தாள். பொடியை மோரில் கலக்கி அவரிடமே நீட்டினாள்.

“முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க சார். பாத்துக் கத்துக்கறோம்.”

மகுடபதி பதறி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “ஐயோ, வேண்டாம் அம்மிணி! போன தடவை குடிச்சுட்டு ஆஸ்பத்திரியிலயே படுத்துட்டேன்!”



பூங்கோதை போனைக் கையில் எடுத்தாள். “நீங்க கேட்ட மாதிரியே வந்திருக்குங்க சார். விளம்பரம்ங்கிற வார்த்தையே இல்லை, முழுக்கச் சொந்த அனுபவம். போட்டுரட்டுங்களா?”